எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாதவருக்குப் பாதிப்பு இல்லையா?

"அப்பா தினமும் குவாட்டருக்கு மேல் குடிக்கிறார், ஆனாலும் தள்ளாடுவதில்லை. உடம்பு பழகிவிட்டதால் பயமில்லைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் சித்தப்பாவைப் பற்றி எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நினைத்திருந்தோம். "அவருக்குக் கெபாசிட்டி ஜாஸ்தி" என்று சொந்தக்காரர்கள் பெருமையாகவே சொல்வார்கள். ஒரு கட்டிங்கிலேயே நாக்கு குழறியவர், சில வருடங்களில் ஆஃப் குடித்துவிட்டும் நிதானமாகக் கணக்கு எழுதினார்.

மது மூளையின் வேகத்தை அடக்கும். தினமும் அடக்கினால், மூளை தன்னைச் சமன்செய்துகொள்ள எதிர்ப்பக்கம் முறுக்கேறி நிற்கும். ஈரலும் சாராயத்தைச் சிதைக்கும் நொதிகளைக் கூட்டிக்கொள்ளும். அதனால்தான் பழைய அளவு போதாமல் போகிறது. ஆனால் ஒரு குவாட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம் (ஆல்கஹால்) இருக்கிறது. தள்ளாடினாலும் தள்ளாடாவிட்டாலும் அதில் பெரும்பகுதியை ஈரல்தான் சுமக்க வேண்டும். தள்ளாடுகிறவராவது ஓரளவோடு நிறுத்துவார். தள்ளாடாதவருக்கு நிறுத்தத் தோன்றுவதே இல்லை.

ஒரு கார்த்திகையில் சித்தப்பா சபரிமலைக்கு மாலை போட்டு, அன்றே குடியை விட்டார். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலை டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. விடிகாலைப் பச்சைத்தண்ணீர்க் குளியலால் வந்த நடுக்கம் என்று விட்டுவிட்டோம். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து விழுந்தார். மது போய்விட்டது, மூளையின் முறுக்கு மட்டும் அப்படியே நின்றது. அதுதான் காரணம் என்று மருத்துவர் விளக்கினார். இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் சித்தம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியலாம், உயிரே போகலாம்.

அப்புறம், விரதம் முடிந்து மாலையைக் கழற்றியதும் பழைய அளவையே குடிப்பதும் ஆபத்து. தாங்கும் சக்தி அதற்குள் இறங்கியிருக்கும். ஹெராயின் பழக்கமுள்ளவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்களில் பழைய அளவைப் போட்டு இறந்துபோவதும் இதனால்தான்.

அதனால் அப்பாவைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வலிப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். எத்தனை வருடமாக, எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். எங்கள் சித்தி வெட்கப்பட்டுப் பாதி அளவுதான் சொன்னார். அதை வைத்துக் கொடுத்த மருந்து முதல் ராத்திரி போதவே இல்லை.