ஓடும் பஸ்ஸிலிருந்து வேலூர் தெருக்களைப் படம் பிடிப்பது எப்படி?

டவுன் பஸ்ஸில் போகும்போது எடுத்த படமெல்லாம் கலங்கி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். காரணம் ஷட்டர் வேகம்தான், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். பஸ் ஓடும்போது 1/1000 வினாடி வையுங்கள், வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றிக்கொள்ளலாம். நின்றிருக்கும்போது 1/250 போதும். கையை ஜன்னல் கம்பியில் ஊன்றாதீர்கள், இன்ஜின் அதிர்வு அப்படியே கேமராவுக்கு வந்துவிடும்.

எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பது அதைவிட முக்கியம். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பஸ் பெரும்பாலும் தெற்கு நோக்கிப் போகிறது. மாலையில் இடது ஜன்னலோரம் பிடித்துவிட்டால் மேற்கு வெயில் உங்கள் முதுகுப் பக்கம். நடைபாதையில் பூக்கட்டும் விரல்கள், தராசுத் தட்டில் விழும் மல்லி எல்லாம் பளிச்சென்று விழும். காலையில் அதே இடத்தில் கண் கூசும், அப்போது நிழலுருவங்கள்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான். பாலாற்றுப் பாலத்தில் தூரத்து மலையைக் குறி வையுங்கள். தொலைவில் இருப்பது அவ்வளவாகக் கலங்காது.

நல்ல படங்கள் பஸ் நிற்கும் இடத்தில்தான் கிடைக்கும் என்பது என் எண்ணம். ஏறுவோர், இறங்குவோர், சில்லறை கேட்கும் கண்டக்டர். ஆனால் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் மட்டும் கேமராவை இறக்கிவிடுங்கள். எங்கிருந்தோ நோயாளியோடு வந்து நிற்பவர்களை அவர்களுக்கே தெரியாமல் எடுப்பது சரியில்லை.