மான் குறைஞ்சா புலி என்ன சாப்பிடும்? (கேள்வி பதில்)

வணக்கம்ங்க. மசினகுடி, தெப்பக்காடு, சீகூர் பக்கம் ஆராய்ச்சிக்கு வர்றவங்க கூட ஃபீல்டு அசிஸ்டெண்ட்டா பதினாலு வருஷம் சுத்திருக்கேன். புலி, சிறுத்தை, செந்நாய் எச்சத்தை எடுத்து கழுவி, என்ன தின்னுச்சுன்னு பாக்க அதுல இருக்கிற முடியைப் பிரிக்கிறதுதான் என் வேலை. அனுப்புன கேள்வியில முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

கூடலூர்ல இருந்து: எங்க எஸ்டேட் பக்கம் புலி மாடு அடிக்குது. காட்டுல மான் இல்லாததால தான் வருதுன்னு சொல்றாங்க, உண்மையா அண்ணா?

பாதி உண்மைங்க. ஒரு புலிக்கு வருஷத்துக்கு மான் அளவு உருப்படி சுமாரா அம்பது வேணும். காட்டுல மேயுற கூட்டத்துல பத்துல ஒரு பங்கைத்தான் புலி வருஷத்துக்கு எடுக்கும்னு கணக்கு வச்சா, ஒரு புலிக்குப் பின்னாடி 500 உருப்படி காட்டுல நிக்கணும். அந்த 500 குறையும்போது புலி உடனே ஊருக்குள்ள வந்துடாது. முதல்ல இன்னும் தூரம் நடக்கும், கடமானை விட்டுட்டு சின்னதையும் புடிக்கும், குட்டி பொழைக்கிறது குறையும், அதுக்கப்புறம்தான் காட்டு ஓரத்துல ஆள் இல்லாம மேயுற மாடு கண்ணுல படும். ஆனா மான் நிறைய இருக்கிற எடத்துலயும் மாடு அடிக்கிற புலி இருக்கு. பல்லு உடைஞ்ச கிழட்டுப் புலி, கால்ல முள்ளம்பன்றி முள்ளு ஏறுனது, தாய்கிட்ட இருந்து பிரிஞ்சு எடம் தேடுற இளசு, இதெல்லாம் அப்படித்தான். அதனால மாடு செத்தா மான் கணக்கையும் பாக்கணும், எந்தப் புலின்னு கேமரா ட்ராப்லயும் (மிருகம் கடந்தா தானா போட்டோ எடுக்கிற கேமரா) பாக்கணும். ஒண்ணை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணா தப்பாத்தான் போகும்.

இன்னொண்ணு, கோவத்துல செத்த மாட்டுல மருந்து வைக்காதீங்க. 2023 செப்டம்பர்ல அவலாஞ்சி பக்கம் அப்படித்தான் ரெண்டு புலி போச்சு. நஷ்ட ஈட்டுக்கு வனத்துறையில எழுதிக் குடுங்க, மாட்டை நகர்த்தாம போட்டோ எடுத்து வைங்க.

ஊட்டியில படிக்கிற மாணவி: மான் ரெண்டு மடங்கானா புலி ரெண்டு மடங்கு சாப்பிடுமா?

சாப்பிடாதும்மா. கல்யாணத்துல எத்தனை அண்டா சாதம் வடிச்சாலும் பந்தியில உக்காந்தவனுக்கு ஒரு வயிறுதானே. மான் கம்மியா இருக்கும்போது தேடுறதுலயே நேரம் போயிடும், மான் கூடக் கூட அடிக்கிறதும் கூடும், ஒரு அளவுக்கு மேல தின்னு செரிக்கவே நேரம் சரியாப் போறதால அப்படியே நின்னுடும். ஹோலிங்னு ஒரு சூழலியல் விஞ்ஞானி 1959லயே இதை வரைபடமா போட்டுக் காட்டிட்டார். மான் கூடுனதோட பலன் தட்டுல தெரியாது, தொட்டில்ல தெரியும். அதாவது குட்டி அதிகமா பொழைக்கும், பெண் புலிக்கு சின்ன எடமே போதும்னு ஆகும். கர்நாடகாவுல நாகரஹொளே காட்டுல மான் செழிப்பா இருக்கிற எடத்துல ஒரு பெண் புலிக்கு இருபது சதுர கிலோமீட்டருக்குள்ள போதும், ரஷ்யாவோட கிழக்குக் காட்டுல இரை அவ்வளவு சிதறிக் கிடக்கிறதால 400 சதுர கிலோமீட்டர் கிட்ட வேணும். மிருகம் ஒண்ணுதான், இரைதான் வித்தியாசம்.

அதே மாணவி: எச்சத்துல புள்ளிமான் முடிதான் நிறைய இருக்குன்னா அதுக்குப் புடிச்சது புள்ளிமான்னு எழுதலாமா?

இந்த எடத்துலதான் எல்லாரும் வழுக்கி விழுறாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். எச்சத்தை ஒரு சல்லடையில போட்டு தண்ணி ஊத்திக்கிட்டே கழுவுவோம். மண்ணும் அழுக்கும் போன பிறகு முடி, எலும்புத் துண்டு, சில நேரம் குளம்போட நுனி, பன்றி முடின்னா நுனி ரெண்டா மூணா பிளந்திருக்கும், அதெல்லாம் வெயில்ல காயவச்சு கண்ணாடித் தகட்டுல வச்சு மைக்ராஸ்கோப்புல பாப்போம். கடமான் முடி முரடா தடியா இருக்கும், கையில உருட்டுனாலே பழகுனவனுக்குத் தெரியும், ஆனா கையை நம்பி எழுதக் கூடாது, முடிக்கு நடுவுல இருக்கிற குழல் அமைப்பைப் பாத்துதான் எழுதணும். புலி எச்சமா சிறுத்தை எச்சமாங்கிறதையும் பருமனை வச்சு மட்டும் சொல்ல முடியாது. பக்கத்துல கால்தடமும் மண்ணைக் கீறுன அடையாளமும் இருக்கான்னு பாப்போம், சந்தேகம்னா டிஎன்ஏ தான்.

இப்ப கேள்விக்கு வர்றேன். புலி ஒரு காட்டெருமையை அடிச்சா நாள் கணக்குல பக்கத்துல கிடந்து கறியாவே தின்னும், முடி கம்மியாத்தான் உள்ள போகும். முயலையோ மான் குட்டியையோ புடிச்சா தோலும் முடியும் சேத்து முழுங்கிடும். அதனால சின்ன உருப்படி ஒரு கிலோ தின்னா வர்ற எச்சம் ஜாஸ்தி. இதைச் சரிபண்ணாம எண்ணுனா புலி சின்னதையே தின்னு வாழுற மாதிரி ஒரு பொய்க் கணக்கு வரும். அடுத்தது, காட்டுல நூறு உருப்படியில எம்பது புள்ளிமான்னா எச்சத்துலயும் அது நிறைய இருக்கத்தான் செய்யும், அதுக்குப் பேரு விருப்பம் இல்ல. காட்டுல இருக்கிற பங்கை விட எச்சத்துல பங்கு கூடுதலா இருந்தாத்தான் தேடிப் போய் புடிக்குதுன்னு சொல்லலாம். அதனால அதே சீசன்ல டிரான்செக்ட் லைன், அதாவது காட்டுக்குள்ள குறிச்சு வச்ச நேர்கோட்டுப் பாதையில நடந்து மான் எண்ணியிருக்கணும். எண்ணாம எச்சத்தை மட்டும் வச்சு எழுதிடாதம்மா.

கோத்தகிரி: வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிடுச்சு. காட்டுல இரை கூடுனா ஊருக்கு வராதா?

ரொம்ப வருத்தமா இருக்குங்க. சிறுத்தைக்கு இருபது, இருபத்தஞ்சு கிலோ உருப்படிதான் தோது, நாய் அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட சரியா வரும், கத்தி எடத்தையும் காட்டிக் குடுக்கும். சிறுத்தை முயல், மந்தி, கேளையாடு (குரைக்கிற சின்ன மான்), பன்றிக்குட்டின்னு எதையும் விடாது, அதனால ஒண்ணு குறைஞ்சா அடுத்ததுக்கு சுலபமா மாறிடும். ஆபத்தே அதுல தான் இருக்கு. இறைச்சிக் கடை கழிவால தெரு நாய் பெருகுது, நாயால சிறுத்தை நிலைக்குது, நிலைச்ச சிறுத்தை பக்கத்து சோலையில மிச்சம் இருக்கிற கேளையாட்டையும் சேத்து அடிக்குது. கேளையாடு எவ்வளவு குறைஞ்சாலும் நாய் இருக்கிறதால சிறுத்தைக்குப் பசி வராது. அதனால முதல்ல கழிவை மூடுங்க, ராத்திரி நாயை உள்ள கட்டுங்க.

குன்னூர்: கருஞ்சிறுத்தை சாப்பாடு வேறயா?

இல்லங்க, அதே சிறுத்தைதான், நிறம் மட்டும் கருப்பு.

மசினகுடி: செந்நாய்தான் மானெல்லாம் காலி பண்ணுதுன்னு எங்க பெரியவங்க சொல்றாங்க.

நம்ம பெரியவங்க காலத்துல செந்நாயைக் கொன்னா காசு குடுத்தாங்க, அந்தப் பேச்சு இன்னும் போகல. கூட்டமா வந்து பட்டப்பகல்ல மானைக் கிழிக்கிறதை நேர்ல பாத்தா மனசு பதறும், நானும் மோயாறு கரையில பாத்துருக்கேன், பொட்டை மான் ஒண்ணு, கொஞ்ச நேரத்துல தலையும் தோலும்தான் மிச்சம். ஆனா கோவத்தை வச்சு கணக்குப் போட முடியாதே. நம்ம நாங்குநேரிக்காரர், காட்டுயிர் விஞ்ஞானி ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976ல இருந்து 78 வரைக்கும் பந்திப்பூர்ல செந்நாய் பின்னாடியே அலைஞ்சு எழுதுனார். செந்நாய் அங்கயும் புள்ளிமானைத்தான் நம்பி இருந்துச்சு, புள்ளிமானும் இன்னிக்கு வரைக்கும் பந்திப்பூர்ல கூட்டம் கூட்டமா இருக்கு. இரை செழிப்பா இருந்தா புலி பெருசையும், சிறுத்தையும் செந்நாயும் நடுத்தரத்தையும் எடுத்துக்கிட்டு மூணும் ஒரே காட்டுல இருக்கும். பெரிய இரை குறைஞ்சா மூணும் ஒரே புள்ளிமான் மேல விழும், அப்ப அடி வாங்குறது சிறுத்தையும் செந்நாயும்தான்.

மான் குறையுறதுக்கு உங்க ஊரைச் சுத்தி வெளிநாட்டுல இருந்து வந்து பரவுன உண்ணிச்செடியையும் மஞ்சக்கொன்னையையும் பாருங்க. பத்தடி உயரத்துக்கு மூடுன எடத்துல புல்லு எங்க மொளைக்கும்?

பாட்டவயல்: காட்டுப்பன்றி நோய் வந்து செத்தப்போ புலி, சிறுத்தைக்கு என்ன ஆகும்?

2023 ஜனவரியில முதுமலையில செத்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாலதாங்க. அது பன்றி இனத்துக்கு மட்டும்தான், புலிக்கோ நமக்கோ தொத்தாது. செத்துக் கிடக்கிறது முதல் சில வாரம் இலவசச் சாப்பாடு, அதுக்கப்புறம் பன்றி பங்கு மானுக்கு மாறும். மான் தாங்குமாங்கிறதுதான் கேள்வி. இதை விடப் பெரிய அடி 1968ல காட்டெருமைக்கு வந்த வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்), ஊர் மாட்டுல இருந்து காட்டுக்குப் போனது. அந்த நோயை உலகத்துல இருந்தே ஒழிச்சதா 2011ல அறிவிச்சாங்க. மாட்டுக்கு ஊசி போடுறது புலிக்கும் சேத்துத்தான்னு நான் எல்லாப் பட்டியிலயும் சொல்றேன்.

கொடைக்கானல்ல இருந்து ஒரு டீச்சர்: பாடத்துல கனடா லின்க்ஸ் பூனையும் முயலும் பத்து வருஷத்துக்கு ஒருதரம் ஏறி இறங்கும்னு இருக்கு. நம்ம மலையிலயும் அப்படியா?

இல்லங்க டீச்சர். அந்தப் பூனை ஒரே முயலை நம்பி வாழுது, முயல் விழுந்தா அணில் புடிச்சுப் பாக்கும், பத்தாது, குட்டி செத்துப் போகும். நம்ம சிறுத்தைக்கு ஒண்ணு விழுந்தா இன்னும் அஞ்சு இருக்கு, அதனால அவ்வளவு ஒழுங்கான ஏத்த இறக்கம் இங்க கிடையாது. பிள்ளைங்களுக்கு ரெண்டையும் பக்கத்துல வச்சு சொல்லுங்க, நல்லாப் புரியும்.

எஸ்டேட் ரோட்டுல வெள்ளையாக் காஞ்ச எச்சம் பாத்தேன், எடுத்து அனுப்பவா?

வேண்டாங்க, கையால தொடவே தொடாதீங்க, புழு முட்டை இருக்கும். வெள்ளையாயிருக்கிறது எலும்புச் சுண்ணாம்பு, பழசு. பக்கத்துல ஒரு அஞ்சு ரூபாய் காசு வச்சு போட்டோ எடுங்க, தேதியும் எடமும் எழுதி வைங்க, ரேஞ்ச் ஆபீஸ்ல சொல்லுங்க. காட்டுக்குள்ள இருந்து எதையும் எடுக்க அனுமதி வேணும். ரோடு பிரியுற முக்குல ஒரே எடத்துல நிறைய கிடந்தா செந்நாயா இருக்கும், அதையும் மறக்காம எழுதிக்குங்க.