இரத்தக்குழாயின் உட்படலம்: கேள்வி பதில்

கேள்வி: உட்படலம் பழுதாகிவிட்டது என்றால் அது கிழிந்துவிட்டது என்று பொருளா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஒரே ஓர் உயிரணு தடிமனுள்ள எண்டோதீலியம் என்ற இந்தப் படலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது; அதன் செயல்தான் கெடுகிறது. 1980-இல் ஃபர்ச்காட், சவாட்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைச் சேர்த்தபோது, உட்படலம் இருந்தவை தளர்ந்தன. அது தேய்த்து நீக்கப்பட்டவை தளரவில்லை. தளர்த்தியது உட்படலம் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது 1987-இல் தெளிவாயிற்று. தட்டணுக்கள் ஒட்டாமலும் வெள்ளணுக்கள் சுவருக்குள் புகாமலும் தடுப்பதும் அந்த வாயுவின் வேலையே. புகைப்பழக்கமோ கட்டுப்படாத நீரிழிவோ நீடித்தால், அந்த வாயுவை உண்டாக்கும் நொதியே சூப்பர்ஆக்சைடு என்ற தீங்கான ஆக்சிஜன் வடிவத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. அந்தச் சூப்பர்ஆக்சைடு மிஞ்சியிருக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் அழித்துவிடுகிறது.

கேள்வி: ஆர்ஜினின் பவுடர் சாப்பிட்டால் நைட்ரிக் ஆக்சைடு கூடுமாமே?

பதில்: ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம்தான் நைட்ரிக் ஆக்சைடின் மூலப்பொருள்; ஆனால் இதய நோயாளிகள் அதைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது. மாரடைப்புக்கு ஆளான 153 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஆர்ஜினின் பெற்றவர்களில் 6 பேர் இறந்தனர்; மற்ற பிரிவில் எவரும் இறக்கவில்லை. ஆய்வு சிறியதுதான், ஆனால் பயனும் தென்படாததால் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. நொதி தடம் மாறியிருக்கும்போது மூலப்பொருளைக் கூட்டுவது தீர்வாகாது.

கேள்வி: உண்மையான காரணம் கொலஸ்ட்ரால்தான். உட்படலப் பழுது அதன் விளைவு மட்டுமே அல்லவா?

பதில்: எல்டிஎல் எனப்படும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் தமனி நோயை உண்டாக்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே இரத்தம் எல்லாத் தமனிகளிலும் ஓடும்போது, கொழுப்புப் படிவு கிளை பிரியும் இடங்களிலும் வளைவுகளிலும் மட்டும் ஏன் முதலில் தோன்றுகிறது? அங்கே ஓட்டம் சீர்குலைகிறது. அதை உணரும் உட்படலம் எல்டிஎல்லை எளிதில் உள்ளே விடும் நிலைக்கு மாறுகிறது.

மறுப்பு: படிவு வந்த பிறகுதானே உட்படலம் கெட்டதாகக் காட்டியிருக்கிறார்கள்?

பதில்: 1986-இல் மனித இதயத் தமனிகளில் செய்த ஆய்வைச் சொல்கிறீர்கள் என எண்ணுகிறேன். படிவுள்ள தமனிகள் அசிட்டைல்கோலினுக்கு விரியாமல் சுருங்கின. அது உங்கள் வாதத்துக்கு இடம் தருவது உண்மை. எனினும் 1992-இல் செலர்மேயர் குழுவினர் கை அல்லது தொடைத் தமனியை அழுத்துப்பட்டையால் சிறிது நேரம் அடைத்துத் திறந்து, அல்ட்ராசவுண்டில் அதன் விரிவை அளந்தபோது, பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்த குழந்தைகளிடமும் புகைபிடிப்பவர்களிடமும், நோயின் அறிகுறி எதுவும் தோன்றாத நிலையிலேயே, அவ்விரிவு குறைந்திருந்தது. எல்டிஎல் உட்படலத்தைக் கெடுக்கிறது. கெட்ட உட்படலம் எல்டிஎல்லை உள்ளே விடுகிறது. இரண்டையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்துவதுதான் பிழை.

கேள்வி (செவிலியர்): டெங்குவிலும் இதே பழுதா?

பதில்: உட்படலம்தான், ஆனால் வழி வேறு. வைரஸின் என்எஸ்1 புரதம் உட்படலத்தின் மேலுள்ள சர்க்கரைப் பூச்சைச் சிதைப்பதால் பிளாஸ்மா கசிகிறது. காய்ச்சல் இறங்கும் வேளையில் இது நிகழ்வதால், காய்ச்சல் விட்டது என்று கண்காணிப்பைத் தளர்த்தாதீர்கள். ஹெமாட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறுவதற்கும் இதற்கும் தொடர்புண்டா?

பதில்: ப்ரீஎக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயில் உண்டு. நஞ்சுக்கொடி மிகுதியாக வெளியிடும் ஒரு புரதம், உட்படலத்தைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

கேள்வி: ஆர்ஜினினைக் குறைந்த அளவில் எடுத்தால்?

பதில்: முன்பே பதில் தந்துவிட்டேன். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

கேள்வி: பீட்ரூட் சாறு?

பதில்: அதிலுள்ள நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாவதால் இரத்த அழுத்தம் சற்றுக் குறையலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் ஆஞ்சியோ அறிக்கையைப் பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: அவருடைய இதய மருத்துவரிடமே காட்டுங்கள்.

கேள்வி: என் உட்படலம் நன்றாக இருக்கிறதா என்று அறிய எந்த டெஸ்ட் எடுக்கலாம்?

பதில்: கைத்தமனி விரிவைப் பார்க்கும் சோதனை ஆராய்ச்சிக்கே பெரிதும் பயன்படுகிறது. உங்களுக்கு நீரிழிவு இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரக நுண்குழாய்களின் கசிவை அது முன்கூட்டியே காட்டும், செலவும் குறைவு.