விளக்கு எரிந்தால் வைரஸ் அழிந்துவிடுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: பல் மருத்துவக் கருவிகளை அல்ட்ராசோனிக் கிளீனரில் போட்டு எடுத்தால் ஹெபடைடிஸ் பி வைரஸ் அழியுமா?

அழியாது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி பாயும் தொட்டியில் நுண்குமிழிகள் தோன்றி உடையும்போது, கருவியின் இடுக்கில் ஒட்டிய ரத்தம் பெயர்ந்துவிடும். ஆனால் பெயர்ந்த வைரஸ் அந்த நீரிலேயே வீரியத்தோடு மிதக்கும். அதனால்தான் மூடி போடாமல் ஓட்டக் கூடாது. கரைசலைத் தினமும் மாற்ற வேண்டும். பிறகு அலசி, உலர்த்தி, பையிலிட்டு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) செய்யுங்கள். வெற்றிடம் இழுக்காத வகை என்றால் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம்.

கே: வீட்டு யூ.வி. வடிகட்டியில் விளக்கு எரிகிறது. தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

நீலமாக எரிவது எதற்கும் சான்றாகாது. வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிர் (யூ.வி.). அது வைரஸின் மரபிழையில் அடுத்தடுத்த காரங்களை, அதாவது மரபுச் செய்தியின் எழுத்துகளை, பிணைத்துவிடுவதால் வைரஸால் தன்னைப் பிரதியெடுக்க முடியாது. கணக்கு எளிது: கதிரின் செறிவை நேரத்தால் பெருக்கினால் அளவு. சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிவாட் விழுந்தால் 80 நொடியில் 40 மில்லிஜூல். குடிநீருக்கு வழக்கமான இந்த அளவிலேயே போலியோ, ஹெபடைடிஸ் ஏ வைரஸ்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். அடினோவைரஸ் முரண்டு பிடிக்கும். அதை மனத்தில் வைத்தே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 99.99 சதவீத வைரஸ் நீக்கத்துக்கு 186 மில்லிஜூல் கேட்கிறது.

பெரும்பாலும் சறுக்குவது விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில். உப்புத்தண்ணீர் ஊர்களில் வெள்ளைப் படிவம் ஏறிக் கதிரை மறைக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, குழாயைக் கழற்றி, எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் துடையுங்கள். தொடர்ந்து எரியும் விளக்கை சுமார் 9,000 மணி நேரத்தில், அதாவது ஆண்டுக்கொருமுறை, மாற்றிவிடுங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்திருக்கும். கலங்கல் நீரை முதலில் வடிகட்டுங்கள். நீரோட்டத்தை இரு மடங்காக்கினால் கிடைக்கும் அளவு பாதியாகும்.

கே: ஊதா எல்.இ.டி. டார்ச் வாங்கலாமா?

வேண்டாம். மலிவானவை பெரும்பாலும் 395 முதல் 405 நானோமீட்டர், வைரஸை அசைக்காது. உண்மையான 254 என்றால் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

கே: ரத்தப் பிளாஸ்மாவில் உள்ள வைரஸை ஒளியால் அழிப்பது எப்படி?

மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை லிட்டருக்கு சுமார் 1 மைக்ரோமோல் கலந்து சிவப்பு ஒளி பாய்ச்சுகிறார்கள். அப்போது உருவாகும் ஒற்றை நிலை ஆக்சிஜன் என்ற வீரியமிக்க ஆக்சிஜன் வைரஸைச் சிதைக்கும். பின்னர் சாயத்தை வடிகட்டிவிடுவார்கள். எச்.ஐ.வி. போன்ற, மேலே கொழுப்பு உறையுள்ள வைரஸ்களுக்கு நன்றாக வேலை செய்யும். உறையற்ற ஹெபடைடிஸ் ஏ தப்பிக்கும். செல்லுக்குள் பதுங்கிய வைரஸையும் சாயம் தொடாது. வெள்ளையணுக்களை முன்பே நீக்குவது அதற்காகத்தான்.

கே: ஆய்வகத்தில் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை நீருக்குள் செலுத்தும் புரோப் கம்பியால் வைரஸ் எண்ணிக்கை குறைந்தது. ஒலிதான் காரணமா?

குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, 10 நொடி ஓட்டி 20 நொடி நிறுத்தி, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே மீண்டும் செய்து பாருங்கள். சில மில்லிலிட்டர் நீர் ஓரிரு நிமிடத்திலேயே சூடேறிவிடும். அழித்தது சூடாகவே இருக்கலாம்.