திறக்கும் புத்தக அலமாரி: கீலில் கஞ்சத்தனம் வேண்டாம்

கேள்வி: படுக்கையறையை ஒட்டிய சிறிய அறைக்கு, புத்தக அலமாரி போலவே தோன்றும் கதவை நானே செய்ய நினைக்கிறேன். பிவட் கீல், சக்கரம், தாழ் எல்லாம் சேர்ந்த தொகுப்பு ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. சாதாரணக் கதவுக் கீல் நான்கு போட்டாலே போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பர் காலி அலமாரியை நினைத்துக்கொண்டு பேசுகிறார். 80 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரம், 18 மி.மீ. பிளைவுட் என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. ஆழத்தில் வெறும் பெட்டியே ஏறக்குறைய 30 கிலோ வரும். அதில் நூல்களை அடுக்கிப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 முதல் 30 கிலோ என்பது நடைமுறைக் கணக்கு. ஆறு தட்டும் நிறைந்தால் மொத்தம் 130 கிலோவைத் தொட்டுவிடும். பக்கவாட்டில் திருகும் சாதாரணக் கீலில் இந்தப் பாரம் முழுவதும் நிலைக்காலில் உள்ள சில திருகுகளில் தொங்கும். அதிலும் மேல் கீல் இரவு பகலாக வெளிப்புறம் இழுபடும். முதல் மாதம் அழகாகத் திறக்கும். பிறகு கீழ் மூலை தரையில் உரசத் தொடங்கும்.

பிவட் கீல் அப்படியல்ல. கீழே தரையில் ஒரு முனை, மேலே நிலையில் ஒரு முனை. எடையைத் தரை தாங்கிக்கொள்கிறது. மேல் முனை அலமாரி சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். எனவே என் வாக்கு பிவட்டுக்கே. ஆனால் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட தாங்குதிறனைக் கவனியுங்கள்: அந்த எண் ஒரு கீலுக்கா, ஒரு ஜோடிக்கா? உங்கள் கணக்கு 130 என்றால் 200 கிலோ தாங்கும் ஜோடியைத் தேடுங்கள். எண்ணே இல்லாத பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். கீழ் முனை உட்காரும் இடத்தில் தரை ஓடு தட்டினால் வெற்றொலி கேட்கிறதா என்றும் பாருங்கள். அடியில் பொள்ளலாக இருந்தால் ஓடு விரிசல் விடும்.

அலமாரியின் அடியில் பொருத்தும் சக்கரம் எனக்குப் பிடிப்பதில்லை. தரை சற்று மேடாக இருந்தாலும் அலமாரியையே தூக்கிவிடும். பள்ளமானால் அந்தரத்தில் நின்று எதையும் தாங்காது. போதாததற்குத் தரையில் வில் வடிவத்தில் தடம் விழும். இரகசியக் கதவு இங்கே இருக்கிறது என்று அதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவைக்க முடியாது.

கேள்வி: கடையில் 30 செ.மீ. ஆழமுள்ள ஆயத்த அலமாரி மலிவாகக் கிடைக்கிறது. என் வாசலின் அகலம் 80 செ.மீ. அதையே கீலில் மாட்டிவிடலாமா?

பதில்: மாட்டலாம், திறக்க முடியாது. கதவு மெல்லிய பலகை; அலமாரி ஒரு பெட்டி. முன்மூலையைச் சுழல்முனையாக வைத்து வெளியே இழுத்தால், எதிர்ப்புறப் பின்மூலை குறுக்களவை, அதாவது மூலைக்கு மூலை உள்ள தூரத்தை, ஆரமாகக் கொண்டு வளைந்துதான் வர வேண்டும். அகலம் 80, ஆழம் 30 என்றால் அந்தக் குறுக்களவு 85.4 செ.மீ. வாசலோ 80. பின்மூலை நிலையில் இடித்து நின்றுவிடும். ஆழத்தை 16 ஆகக் குறைத்தால் குறுக்களவு 81.6தான், ஒன்றரை செ.மீ.க்குச் சற்றே கூடுதலான இடைவெளி விட்டால் போதும். திறக்கும் பக்கத்தில் அலமாரியோடு சேர்த்து அடித்த ஒரு மரப்பட்டி அந்த இடைவெளியை மறைத்துவிடும். டெமி அளவு நூலின் அகலம் சுமார் 14 செ.மீ.தான் என்பதால் 16 செ.மீ. ஆழமே தாராளம். கனத்த அகராதிகளுக்கு வேறு இடம் பாருங்கள்.

மரம் அறுப்பதற்கு முன், அலமாரியின் மேல்தோற்ற அளவில் ஓர் அட்டையை வெட்டி, மூலையில் ஆணி குத்தித் தரையில் சுழற்றிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பல தாள் பிளைவுட் மிச்சமாகும்.

மலிவான ஆயத்த அலமாரிகளில் பெரும்பாலானவை துகள்பலகையால் ஆனவை. அதன் விளிம்பில் திருகு பிடிக்காது. ஒரே இடத்தில் நிற்பதற்காகச் செய்த பொருளை நாளுக்குப் பத்து முறை அசைத்தால் மூட்டுகள் தளரத்தானே செய்யும்? பிளைவுட்டில் செய்து, முதுகுப் பலகையைப் பசையிட்டுத் திருகுங்கள். பெட்டி கோணாமல் காப்பது அந்த முதுகுதான்.

கேள்வி: அளவு கொடுத்து ஆயத்தக் கதவாகவே வரவழைத்தால்?

பதில்: அளவுக்குச் செய்த பொருளைத் திருப்பி எடுக்கப் பலரும் மறுப்பார்கள், பணம் கட்டுமுன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து குறைந்ததையே கொடுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லாவிட்டால் முதலில் நிலையைச் சரிசெய்யுங்கள். விலையில் மேற்சட்டமும் தாழும் அடங்குமா என்பதையும் கேளுங்கள். படத்தில் இருப்பதெல்லாம் பெட்டியில் இருக்காது.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் திறக்கும் மின்பூட்டு வைக்க ஆசை. பாதுகாப்பானதா?

பதில்: மின்பூட்டில் இரண்டு வகை. மின்சாரம் போனால் தானே விடுபடுவது ஒன்று, பூட்டியபடியே நிற்பது மற்றொன்று. ஆள் இருக்கும் அறைக்கு முதல் வகையைத் தவிர வேறு வேண்டாம். அதற்கும் மேல், உள்ளிருந்து சாவியோ மின்சாரமோ இல்லாமல் கையால் திறக்கும் பிடி கட்டாயம். உள்ளே சிக்கிய குழந்தைக்கு எந்தப் பொத்தான் என்று தெரியாது. வெளியேற அந்த ஒரு வழிதான் உண்டு என்றால், அங்கே மறைகதவே கூடாது. தீத்தடுப்புக் கதவைக் கழற்றிவிட்டு இதை வைப்பதும் அப்படித்தான். நகையை ஒளிக்கத்தான் இதெல்லாம் என்றால், கண்ணுக்கு மறைவது பூட்டாகிவிடாது. தனிப் பெட்டகம் வாங்குங்கள்.

கேள்வி: எடையைக் குறைக்க நூல்களின் முதுகுகளை மட்டும் ஒட்டிப் பொய் நூல்கள் வைக்கலாமா? கேலி செய்வார்களோ?

பதில்: இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகை நூலகத்தில் மாடிப்படியை மறைக்கும் கதவிலேயே பொய் நூல்கள்தாம் இருக்கின்றன, வேடிக்கையான தலைப்புகளோடு. பிரபுவுக்கு வராத வெட்கம் நமக்கெதற்கு? கண்மட்டத்துக்கு மேலுள்ள தட்டுகளில் முதுகுகளை ஒட்டி, கைக்கெட்டும் தட்டுகளில் உண்மையான நூல்களை வையுங்கள். எந்தப் புத்தகத்தை இழுத்தால் தாழ் திறக்குமோ, அதற்கு மட்டும் கருநிற அட்டை பாருங்கள். வெளிர் அட்டை ஆறு மாதத்தில் விரல் அழுக்கேறி, எதை இழுக்க வேண்டும் என்று விருந்தாளிக்குச் சொல்லிவிடும்.