மேம்பாட்டுக் கிளையைப் பொதி மேலாளர் எப்படிக் கையாள வேண்டும்?

வெளியீடாக இன்னும் வராத ஒரு திருத்தத்துக்காக, நிரல் நூலகத்தின் மெயின் கிளையையே (மாற்றங்கள் தொடர்ந்து சேரும் முதன்மை நிரல் வரிசையையே) டிபென்டன்சியாக, அதாவது நம் நிரல் சார்ந்திருக்கும் பொதியாகச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம், ஆனால் பொதி மேலாளர் (நூலகங்களை இறக்கி நிறுவும் கருவி) கிளையின் பெயரைப் பதிப்பு எண்ணைப்போல நம்பிவிடக் கூடாது, ஏனெனில் ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவாகும் மாற்றத்துக்கும்) கிளை நகர்ந்துகொண்டே இருக்கும். பாளையங்கோட்டையில் ஓர் அரிசி மண்டிக்கு நாங்கள் எழுதிய பில்லிங் மென்பொருள், நிறுவிய பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்பை நான் கிட் என்ற நிரல் களஞ்சியத்தில் சேர்க்காததால், காலையில் என் கணினியில் ஓடிவிட்டு, மாலையில் மண்டிக் கணினியில் நிறுவியபோது வரிக் கணக்கிலேயே நின்றுவிட்டது. இடையில் அந்தக் கிளையில் ஒரு ஃபங்ஷனின் பெயர் மாறியிருந்தது.

ஆகவே, கேட்பது கிளையாக இருந்தாலும், நிறுவும்போது அதன் 40 எழுத்துக் கமிட் அடையாளத்தை லாக் கோப்பில் பதிந்து, பயனர் அப்டேட் செய்யும்வரை அதிலேயே நிற்பதுதான் முறை. பிஎச்பி மொழியின் பொதி மேலாளரான கம்போசரும் ரஸ்ட் மொழியின் கார்கோவும் இப்படித்தான் செய்கின்றன. கோ மொழியோ, கமிட்டின் நேரத்தை 14 இலக்கங்களில் எழுதி, அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளையும் சேர்த்து, ஒரு போலிப் பதிப்பு எண்ணையே உருவாக்கிவிடுகிறது; எது புதியது என்பது பார்த்தவுடன் தெரிவதால் எனக்குப் பிடித்த வழி இதுவே.

கம்போசர் இயல்பாக நிலையான வெளியீடுகளை மட்டுமே ஏற்பதால், மெயின் போன்ற கிளை வேண்டுமென்றால் 'டெவ்-' என்ற முன்னொட்டோடு நீங்களே வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.