ஊசிக் காதும் வட்டி நோட்டும்

தவக்காலத்தில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாரும் எழுதியிருப்பதால் விவிலிய நூல்களின் பெயர் இரு வழக்கிலும் வரும்.

எருசலேம் மதிலில் ‘ஊசிக் காது’ என்றொரு சிறு வாசல் இருந்ததாம். சுமையை இறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் அதில் நுழைந்துவிடுமாம். எங்கள் ஊர் நற்செய்திக் கூட்டத்தில் சொன்னார்கள். உண்மையா?
— வாசகர், மேலூர்

இல்லை. “செல்வர் இறையாட்சிக்குள் நுழைவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது” என்றார் இயேசு (மாற்கு 10:25). அவர் காலத்து எருசலேமில் அப்படியொரு வாசல் இருந்ததற்கு எழுத்துச் சான்றும் கிடையாது, அகழாய்வுச் சான்றும் கிடையாது. இடைக்கால விளக்கவுரைகளில்தான் இந்த வாசல் தலைகாட்டுகிறது. யூதர்களின் சட்ட விளக்க நூலான பாபிலோனிய தல்மூதில் ஊசிக் காதில் யானை நுழைவதாக ஒரு பேச்சு வருகிறது. நடக்கவே நடக்காத ஒன்றை யூதர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நற்செய்தியிலும் பாருங்கள்: சீடர்கள் திகைத்துப்போய் “பின் யார்தான் மீட்புப் பெற முடியும்?” என்று கேட்கிறார்கள். “மனிதரால் முடியாது, கடவுளால் முடியும்” என்பது பதில் (மாற்கு 10:26-27). குனிந்தால் நுழையலாம் என்றால் இந்தத் திகைப்புக்கே வேலையில்லை. கொஞ்சம் சுமையை இறக்கினால் போதும் என்ற ஆறுதல் வசதியாக இருப்பதால் வாசல் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே பகுதியில் பலர் தாண்டிப் போகிற ஒன்று உண்டு. நிலைவாழ்வுக்கு வழி கேட்டு வந்த செல்வந்தரிடம் இயேசு கட்டளைகளை எடுத்துச் சொல்லும்போது, கொலை செய்யாதே, களவு செய்யாதே என்பவற்றோடு “வஞ்சித்துப் பறிக்காதே” என்பதும் வருகிறது (10:19). மத்தேயுவிலும் லூக்காவிலும் இந்த வரி இல்லை; பத்துக் கட்டளைகளிலும் இப்படித் தனியாக இல்லை. கடன்பட்டவன் நிலம் கடன் கொடுத்தவன் கைக்குப் போய்ச் சொத்து பெருகிய நாட்டில், ஒரு பணக்காரரிடம் இதைச் சேர்த்துச் சொன்னது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் சொத்து வைத்திருப்பதே பாவமா? இந்த மனிதரிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன அதே இயேசு, வரி வசூலிப்பவர்களின் தலைவரான சக்கேயு பாதிச் சொத்தை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்னபோது “இன்று இந்த வீட்டிற்கு மீட்பு” என்கிறார். இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பும் செல்வந்தர்தான். தொடக்கத் திருச்சபை ஆசிரியரான அலெக்சாந்திரியா கிளமெந்து கி.பி. 200-ஐ ஒட்டி இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, எல்லாரும் எல்லாவற்றையும் உதறிவிட்டால் பசித்தவனுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்டார். பற்றுதான் நோய் என்றார். சரியான பதில்தான். ஆனால் “எனக்குப் பற்று இல்லை” என்று சொல்லிக்கொண்டு ஒரு ரூபாயும் நகராமல் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதுவே கைகொடுக்கிறது.

என் தந்தை மதுரையில் வாரத் தண்டல் நடத்தினார். அவர் இறந்தபின் தொழிலை நிறுத்திவிட்டேன். வீடும் கொஞ்சம் ரொக்கமும் எனக்கும் தங்கைக்கும் வந்திருக்கிறது. பங்கில் கெபி கட்ட ஒரு தொகை கொடுத்திருக்கிறேன். இன்னும் மனது உறுத்துகிறது. என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், மதுரை

உறுத்துவது நல்லதுதான். கெபிக்குக் கொடுத்தது காணிக்கை; அது இந்தக் கணக்கில் சேராது. திருப்பித் தரவேண்டிய பொருளைத் தர்மமாகக் கொடுக்க முடியாது என்பதில் இடைக்கால இறையியலாளர் புனித தோமா அக்குவினா தெளிவாக இருக்கிறார். சீராக்கின் ஞானம் 34-ஆம் அதிகாரம் இன்னும் கடுமை: ஏழைகளின் பொருளை எடுத்துப் பலி செலுத்துவது, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதுபோல. அதீத வட்டியால் பிறரைப் பட்டினிக்கும் சாவுக்கும் தள்ளுவோர் மறைமுகக் கொலைக்குப் பொறுப்பாளிகள் என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2269).

முதலில், வாங்கியது எவ்வளவு அதிகம் என்று தெரியவேண்டும். வழக்கமான தண்டல் கணக்கையே எடுப்போம். 10,000 ரூபாய்க் கடன். 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500. வாரம் 1,000 வீதம் பத்து வாரம். “ஆயிரத்தைந்நூறுதானே வட்டி” என்று தோன்றும். ஆனால் அசல் வாராவாரம் குறைந்துகொண்டே வருகிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால் வட்டி வாரத்துக்குச் சுமார் 3 சதவீதம், ஆண்டுக்கு 150 சதவீதத்தைத் தாண்டும். இதே 8,500-ஐ ஆண்டுக்கு 12 சதவீதத்தில் கொடுத்திருந்தால் அந்தப் பத்து வாரத்துக்கு வட்டி 110 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். வசூலுக்கு அலைந்த கூலி, பெட்ரோல், உண்மையிலேயே வராமல் போன கடன் ஆகியவற்றை நேர்மையாகக் கழித்துக்கொள்ளலாம். மீதி உங்களுடையது அல்ல.

அடுத்து, நோட்டை எடுத்து உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே கையில் கொடுத்தது, வசூலானது என்று இரண்டு பத்தி போதும். ஆனால் பணத்துக்கு முன்பே பீரோவைத் திறந்து பாருங்கள்: எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கிய புரோநோட்டு, வெற்றுக் காசோலை, ஏ.டி.எம். அட்டை, ரேஷன் கார்டு, பட்டா. இவற்றை இந்த வாரமே உரியவர் கையில் சேருங்கள். ஈடாக வாங்கிய போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு என்கிறது விடுதலைப் பயணம் 22. உங்களிடம் கிடக்கும் ஒரு ரேஷன் கார்டு ஒரு வீட்டின் மாத அரிசி.

பணம் கடன் வாங்கியவருக்கே போகவேண்டும். அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுக்கு. உண்மையாகத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே ஏழைகளுக்கு. அப்போதும் அதே தெருவில் அதே வகைக் கடனில் மூழ்கிக் கிடப்பவர்களை முதலில் பாருங்கள். பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களுக்கு வீடு தெரியும். பெயர் வெளியே தெரியக்கூடாது என்றால் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்லி அவர் வழியாகக் கொடுக்கலாம். நீங்கள் யாரென்று அவர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. நிலுவைக் கடன் ஏதாவது இருந்தால், வசூலிக்கும் முன் வழக்குரைஞரைப் பாருங்கள்: தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம்.

வாரிசின் கடமை, கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு உட்பட்டது. உங்கள் பங்குக்கு நீங்கள். தங்கை தம் பங்குக்கு. அவர் மறுத்தால் அதையும் சேர்த்து நீங்கள் சுமக்கவேண்டியதில்லை. உங்கள் பாதியை மட்டும் முடியுங்கள். ஒரே தவணையில் முடியாவிட்டால் மாதாமாதம் கொடுங்கள். கூடாதது, ‘இடம் விற்றதும் கொடுக்கலாம்’ என்று தேதியில்லாமல் தள்ளுவது.

இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று விதத்தில். வராத கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு அதையே ஈடுசெய்ததாக நினைப்பது. ஏற்கெனவே கட்டி முடித்தவர்களுக்கு அதனால் என்ன பயன்? அப்பா பெயரில் அறக்கட்டளை தொடங்கி மண்டபத்தில் கல் பதிப்பது. கடன்காரரைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னிலையில் கையில் கொடுத்துப் படம் எடுப்பது. அவருடைய பணத்தையே அவருக்குப் பிச்சையாகப் போடுவது என்று இதற்குப் பெயர்.

ஏமாற்றி வாங்கியதைச் சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றாரே என்று கேட்பீர்கள். திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்ற பழைய சட்டத்தைத் தாமாகவே தம்மீது சுமத்திக்கொண்டார் அவர். தாமே ஒத்துக்கொள்பவருக்கு எண்ணிக்கை நூல் 5-இல் உள்ள அளவு, அசலோடு ஐந்தில் ஒரு பங்கு. கட்டாயமாக உங்கள்மேல் இருப்பது, அதிகமாக வாங்கிய தொகை. அதற்கு மேல் ஐந்தில் ஒன்று சேர்த்தால் அதற்கு விவிலியத்தில் முன்மாதிரி உண்டு.

தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? எங்கள் ஆயரும் பக்கத்துச் சபைப் போதகரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— சி.எஸ்.ஐ. வாசகர், திண்டுக்கல்

பழைய ஏற்பாட்டுத் தசமபாகம் விளைச்சலுக்கும் மந்தைக்கும் உரியது. சம்பளச் சீட்டு அதற்குத் தெரியாது. உபாகமம் (இணைச்சட்டம்) 14-ஐ முழுதாகப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். தசமபாகத்தைக் குடும்பத்தோடு கர்த்தரின் சந்நிதியில் உண்டு மகிழச் சொல்கிறது. மூன்றாம் வருஷத்தில் ஊர்வாசலில் வைக்கச் சொல்கிறது, லேவியனும் பரதேசியும் அனாதையும் விதவையும் சாப்பிடும்படி. தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3-ஐ மேடையில் வாசிப்பவர்கள் இதையும் வாசித்தால் நன்றாக இருக்கும்.

கத்தோலிக்கத்தில் பத்து சதவீதம் என்ற சட்டம் இல்லை. திருச்சபையின் தேவைக்கும் ஏழைக்கும் உதவும் கடமை உண்டு. சி.எஸ்.ஐ.யில் பத்து என்பது வழக்கம். வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பழக்கம். வரி உங்கள் கைக்கே வருவதில்லை. அதைக் கழித்துக் கணக்கிடுவதில் தவறில்லை. பி.எஃப். உங்கள் சேமிப்பு, அதைக் கழிக்காதீர்கள். பல வீடுகளில் இடறுவது வேறு இடம்: வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுத்துவிட்டு, முதல் ஞாயிறே காணிக்கைக் கவரைப் போடுகிறோம். கவர் ஒரு வாரம் தாமதமானால் யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள்.

ஆபிரகாம், யோபு, சாலமோன் எல்லாரும் செல்வந்தர்கள். செல்வம் ஆசீர்வாதத்தின் அடையாளம்தானே?
— வாசகி, உசிலம்பட்டி

மூவரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆபிரகாம், சோதோம் அரசன் கொடுத்ததில் ஒரு நூலோ செருப்பு வாரோ வேண்டாம் என்றவர். யோபு நூல் தொடங்குவதே “ஒன்றுமில்லாமலா யோபு கடவுளுக்கு அஞ்சுகிறான்?” என்ற சாத்தானின் கேள்வியோடு, ஆசீர்வாதத்துக்காகப் பக்தி என்பதை அந்த நூல் சாத்தான் வாயில் வைக்கிறது.

சாலமோனுக்கு ஓராண்டில் வந்த பொன் 666 தாலந்து (1 அரசர் 10:14). ஒரு தாலந்து சுமார் 34 கிலோ என்றால் 22 டன்னுக்கு மேல். அரசன் தனக்கு வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது என்று இணைச்சட்டம் 17 முன்பே எச்சரித்திருந்தது. கட்டட வேலைக்கு 30,000 பேரைக் கட்டாயமாகப் பிடித்தார்கள். அவர் இறந்ததும் மக்கள் மகனிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: உம் தந்தை வைத்த நுகத்தை இலேசாக்கும். மறுத்தான், நாடு இரண்டாயிற்று. இவரை ஆசீர்வாதத்துக்கு உதாரணம் காட்டுபவர்கள் பத்தாம் அதிகாரத்தோடு விவிலியத்தை மூடிவிடுகிறார்கள்.

ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த சாமியார் கார் வைத்திருக்கலாமா?
— வாசகர், மதுரை

அவர் எந்தச் சாமியார் என்பதைப் பொறுத்தது. இயேசு சபையினர் போன்ற துறவறத்தார் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுக்கிறார்கள். அவர்கள் ஓட்டும் கார் சபையுடையது. மறைமாவட்டக் குருக்கள் அந்த வார்த்தைப்பாட்டை எடுப்பதில்லை, சொந்தச் சொத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் எளிய வாழ்வு வாழவேண்டும், ஆடம்பரம் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 282 அவர்களுக்கும் சொல்கிறது. பத்துக் கிளைப் பங்குக்குப் போகிறவருக்குக் கார் ஆடம்பரம் இல்லை. எந்தக் கார் என்பதைப் பங்கு மக்களே பார்த்துக்கொள்வார்கள்.

மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறோம். பறிப்புக் கூலியைச் சனிக்கிழமை மொத்தமாகக் கொடுக்கிறோம். பொழுது சாயும் முன் கூலி கொடு என்கிறதே இணைச்சட்டம் 24?
— வாசகி, திருமங்கலம்

பறிப்பவர்களே வாரக் கூலிக்குச் சம்மதித்திருந்தால் தவறில்லை. அந்தச் சட்டம் அன்றன்றைய கூலியை நம்பியிருப்பவரைக் காக்க வந்தது; அப்படி ஒருவர் இருந்து நடுவில் கேட்டால் அன்றே கொடுங்கள். சந்தையில் விலை விழுந்துவிட்டது என்று கூலியை நிறுத்திவைப்பதுதான் யாக்கோபு 5:4 சொல்லும் பாவம். விலை ஏறிய அன்று நீங்கள் கூலியை ஏற்றவில்லை அல்லவா? கிலோ கணக்கில் கூலி என்றால், பனி ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்பதைப் பறிக்க இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எடையை அவர்கள் பார்க்கும்படி போடுங்கள், அவர்கள் கையிலும் ஒரு சிட்டை இருக்கட்டும். முன்பணம் கழிப்பதானால் வாரம் இவ்வளவுதான் என்று அந்தச் சிட்டையிலேயே எழுதுங்கள்.